ஒரே வெள்ளத்துக்கு இரண்டு உயரம்

வெர்னுவா, கரைச்சாலை வீடு,
செப்டம்பர் கடைசி வியாழன்.

மதிப்பும் மரியாதையும் உடைய மைத்துனர் அன்செல்ம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை உகேத்தின் கணவன் லெயோன்ஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உகேத்தும் மகள் சொலேனும் ஆண்டவர் தயவால் சுகம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் தாங்கள் வளர்க்கும் முயல்களும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். கோர்செலில் தங்கள் வீட்டுக் கொடியில் காயும் சட்டை என்ன நிறம் என்று ஆற்றுக்கு இந்தக் கரையில் என் மாடி ஜன்னலிலிருந்தே சொல்லிவிடலாம், இதற்குப் போய்க் கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கக்கூடும். உங்கள் தங்கையின் உத்தரவு. "ஃபோன்ல பேசினா ரெண்டு பேரும் உடனே கத்த ஆரம்பிச்சுடுவீங்க. எழுதுங்க. எழுதினா நடுவுல எங்க அண்ணன் குறுக்கே பேச முடியாது பாருங்க" என்றாள். நியாயம்தான். இந்தக் கடிதத்தை நீங்கள் முடிக்கும்வரை பேச முடியாது என்று நினைக்கும்போதே எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

பாலத்தின் நடுவில் ஊர் பார்க்க உங்களை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஏன் சொன்னேன் என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது, நீங்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு நடந்தது சுத்தமாகத் தெரியாது. உங்கள் ஊரில் அந்தக் கதை கைகால் முளைத்துத் திரிகிறதாம். உங்கள் ஊர் ரொட்டிக்கடையில் உகேத்திடமே, "உன் புருஷன் ஆத்தை ஒயினால ரொப்பப் பார்த்தாராமே?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன், யார் என்ன சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவன், என்னைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வெள்ளக்கோடு பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கல்யாணத்தன்று முதல் அதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறவர் நீங்கள். ஆனாலும் அதிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கதை ஓடும். எங்கள் வீட்டுச் சுவரில் வாசற்கதவுக்கும் மேலே, கையை உயர்த்தினால் விரல் நுனி படுகிற இடத்தில், கல்லில் ஒரு கோடு வெட்டி அதன் கீழ் 'ஜூன் 1856' என்று பொறித்திருக்கிறது. லுவார் ஆறு அன்று ஏறி நின்ற மட்டம் அது. உங்கள் கோர்செல் தேவாலயப் படிக்கட்டுக்குப் பக்கத்திலும் அதே ஜூனுக்கு ஒரு கோடு உண்டு, ஆனால் மன்னிக்க வேண்டும், அது ஒரு நோஞ்சான் கோடு. கண்ணால் பார்த்தாலே எங்களுடையது எவ்வளவோ உயரம். பழைய ஊரின் நண்பர்கள் சங்கத் தலைவன் என்ற முறையில் கோடைக்காலம் முழுக்கப் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன் நான். உப்புக் கிடங்கு, படகு கட்டும் இரும்பு வளையங்கள், புனித நிக்கோலா கோயிலில் கூரையிலிருந்து தொங்கும் மரப்படகு எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியாக என் வீட்டுக்கே கூட்டிவந்து இந்தக் கோட்டின் கீழ் நிறுத்தி, "எதிர்க்கரையில் ஆறு கால் நனைத்துவிட்டுப் போயிற்று, எங்களைத்தான் கட்டிப்பிடித்தது!" என்று முடிப்பேன். கைதட்டல் வரும். ஜெர்மன்காரர்கள் கூடத் தட்டுவார்கள்.

ஜூலையில் ஒரு ஹாலந்துக்காரன் வந்தான். சைக்கிளில் ஆற்றோரமாகவே வருகிறவர்களில் ஒருவன், நெட்டையாக, மூக்கெல்லாம் வெயிலில் உரிந்து, பார்க்கச் சாதுவாக இருந்தான். முந்தின நாள் உங்கள் ஊரில் தங்கி உங்கள் கோட்டையும் பார்த்திருக்கிறான். நான் வழக்கமான வசனத்தைச் சொன்னேன். எல்லோரும் தட்டினார்கள். அவன் தட்டவில்லை. கையை உயர்த்தினான்.

"ஐயா, அதுவும் இதே ஆறுதானே?"

"இதே ஆறுதான்."

"இதே நாள்தானே?"

"இதே நாள்தான்."

"அப்போ இந்தக் கரையில தண்ணி மேல, அந்தக் கரையில கீழேன்னா, ஆறு சாஞ்சு படுத்திருந்துச்சா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மச்சான், அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நான் பிறந்து வளர்ந்த வீடு, தினம் குனிந்து நிமிர்கிற வாசல், முப்பது வருஷம் ரயிலில் கைக்குழந்தைக்குக்கூட டிக்கெட் இருக்கா என்று பார்த்தவன், அந்தக் கல்லிடம் மட்டும் ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்கவே இல்லை. அன்றிலிருந்து மண்டையைக் குடைய ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் "அன்னிக்குக் காத்து வெர்னுவா பக்கமா அடிச்சிருக்கும்" என்றார். மேயர் "ஆத்து வளைவுல தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கும்" என்றார். எவ்வளவு ஒதுங்கும் என்று கேட்டேன், இரண்டு விரலைக் காட்டினார். பாதிரியார் "எல்லாம் தேவ சித்தம்" என்றார். அது சரி, தேவனுக்கு எங்கள் பக்கம் மட்டும் அப்படி என்ன விசேஷ சித்தம்? உகேத் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "உங்க ஊர்க்காரங்க அளந்தா அப்படித்தான் இருக்கும். எங்க வீட்டுல அம்மா சொல்லியே அனுப்பினாங்க." உங்கள் அம்மா என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதை நான் இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொள்கிறேன், அதை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம்.

இதோடு நின்றிருந்தால் பயணிகளின் முன்னால் வசனத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் ஆகஸ்டில் சொலேன் வந்தாள். லியோனில் அடுப்படியில் நின்று நின்று கால் வீங்கிப்போய், யாருக்கோ சமைத்தது போதும், இனி என் சமையல், என் மேசை, என் பெயர் போட்ட பலகை என்று முடிவெடுத்து வந்திருக்கிறாள். எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் உங்களுக்கே தெரியும், உருளைக்கிழங்கும் உடைந்த சைக்கிளும்தான் குடியிருக்கின்றன. "கீழ எல்லாத்தையும் காலி பண்ணிக் குடு, அப்பா. ஆத்து மீன் பொரிச்சு, நல்ல ஒயின் ஊத்தி, பன்னெண்டு பேர் உட்கார்ற மாதிரி ஒரு சாப்பாட்டுக்கடை. நானும் உங்களோடயே இருந்துடறேன்" என்றாள். என்னோடு இருந்துவிடுகிறாளாம்! கிறிஸ்துமஸுக்கு வந்து மறுநாள் ரயிலுக்கு மணி பார்க்கிற பிள்ளை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே உருளைக்கிழங்கை மாடிக்கு ஏற்றிவிட்டேன், உகேத் இன்னும் அதில் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறாள்.

அனுமதி கேட்டு எழுதினோம். மாவட்ட அலுவலகத்திலிருந்து வெள்ள வரைபடம் போடுகிற ஒரு பொறியாளர் அம்மா வந்தாள். சின்ன வயசு, பெரிய பூட்ஸ். மூன்று கால் கருவியை நிறுத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் கோட்டைப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறவர்களை நான் ரயிலில் நம்பியதே இல்லை. பார்த்துவிட்டு, "உங்க கோடு ரொம்ப உயரம் சார். இதை வச்சுப் பார்த்தா பெரிய வெள்ளம் வந்தா கீழ்த்தளம் முழுக்க முழுகிடும். சாப்பாட்டுக்கடைக்கு அனுமதி குடுக்க முடியாது" என்றாள். எதிர்க்கரையில் கோடு தாழ்வாக இருக்கிறதே அம்மா, அதைப் போய்ப் பாருங்கள் என்றேன். ஆம் மச்சான், உங்கள் கோட்டைத் துணைக்கு அழைத்தேன், என் வாயாலேயே அழைத்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எதிர்க்கரை வேற மாவட்டம். என் அதிகாரம் பாலத்துக்கு நடுவோட சரி." சரி, நாங்களே அளந்து வந்தால்? "கண்ணளவெல்லாம் செல்லாது. ஒழுங்கா அளந்து ரெண்டும் ஒத்துப்போகலைன்னு காட்டினா மறுபடி வந்து பார்க்கறேன்" என்றாள்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் கோடு நிஜமானால் மகள் லியோனுக்கு ரயில் ஏறுவாள். என் கோடு பொய்யானால் மகள் வீட்டில் இருப்பாள், ஆனால் பழைய ஊரின் நண்பர்கள் சங்கத்தின் தலைவன் இத்தனை வருஷம் ஜெர்மன்காரர்களிடம் அளந்தது அத்தனையும் பொய். கோர்செல்காரர்கள் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன், குறிப்பாக உங்கள் சிரிப்பை, அந்த மீசை இரண்டு பக்கமும் விரியுமே, அதை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்புறம் சொலேன் தூக்கி வந்த பெட்டிகளைப் பார்த்தேன், ஒன்றைக்கூட அவள் இன்னும் பிரிக்கவில்லை. போகட்டும், சங்கம் போனால் போகட்டும் என்று அளக்கக் கிளம்பிவிட்டேன்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற முறை உங்களுக்குத் தெரியும்: கண்ணாடி மாதிரி இருக்கிற ரப்பர் குழாயில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனை என் கோட்டில், மறுமுனை உங்கள் கோட்டில், நடுவில் பாலம். அவ்வளவுதான். குழாய்க்கு எங்கே போவது? திராட்சைத் தோட்டக்காரன் தெயோதுலிடம் பீப்பாய்க்குப் பீப்பாய் ஒயின் மாற்றுகிற குழாய் மைல் கணக்கில் கிடக்கிறது. கொடுத்தான், ஒரு நிபந்தனையோடு. "என் குழாயில பச்சைத் தண்ணி ஏறினா வாடை பிடிச்சுக்கும், அப்புறம் ஒயினுக்கு ஆகாது. போன வருஷத்துச் சிவப்பு ஒண்ணு விக்காமக் கிடக்கு, அதை ஊத்திக்க. நிறமும் நல்லாத் தெரியும்" என்றான். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. மேயருக்கும் தெரியவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை மச்சான், மெஷினில் பெட்ரோல் ஊற்றுகிற மாதிரி எல்லோரும் தலையாட்டிக்கொண்டு ஊற்றினார்கள். பாலத்தில் ஒரு பக்கம் போக்குவரத்தை நிறுத்திக் குழாயைப் போட்டோம். சொலேன் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு உங்கள் கரைக்குப் போனாள். நடுவில் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்று நான்தான் உங்களை அழைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் இந்தப் பக்கம் ஏணி மேல் நின்று குழாயைக் கோட்டுக்கு நேராகப் பிடித்திருக்கிறேன். ஒயின் ஆடி ஆடி அடங்கிக்கொண்டிருக்கிறது. ஃபோனில் சொலேன், "அப்பா, நிக்கப்போகுது, நிக்கப்போகுது" என்கிறாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில்தானா உங்களுக்கு அது தெயோதுல் ஒயினா கோர்செல் ஒயினா என்று ருசி பார்த்து முடிவு செய்ய வேண்டும்? இணைப்பைத் திருகித் திறந்து வாயை வைத்தீர்கள். பாலம்தான் குழாயின் உச்சி, அங்கே திறந்தால் ஒயின் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். குழாய் உங்கள் மீசையைப் பிடித்து உள்ளே இழுத்தது, நீங்கள் கத்தினீர்கள், காற்று புகுந்தது, இருந்த ஒயின் அத்தனையும் இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு ஓடியது. இங்கே நான் ஏணியோடு குளித்தேன். அங்கே உங்கள் கோயில் படியில், ஞானஸ்நானம் முடிந்து ஒரு குடும்பம் வெள்ளைவெளேரென்று வெளியே வந்துகொண்டிருந்தது. குழந்தை ஒன்றும் அழவில்லையாம், நாக்கை நீட்டிச் சப்பியதாம். அழுததெல்லாம் அதன் பாட்டிதான், அந்தச் சரிகை அங்கி நாலு தலைமுறையாக வருகிறதாம். நான் சொட்டச் சொட்டப் பாலத்துக்கு ஓடி வந்தேன், நீங்கள் கையில் திருகுசாவியும் மீசையில் ஒயினுமாகக் கையும் களவுமாக நிற்கிறீர்கள். "சும்மா பார்த்தேன்யா, புளிச்சுப் போச்சு, சகிக்கல" என்றீர்கள். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. "எங்க வெள்ளத்தையும் இப்படித்தாண்டா குடிச்சுத் தீர்த்துட்டுக் கோட்டைக் கீழ வெட்டியிருக்கீங்க!" என்றேன். உங்களை 'டா' போட்டது தவறு. மற்றது அன்றைக்கு நியாயமாகப் பட்டது.

நீங்கள் போய்விட்டீர்கள். அடுத்த வாரம் மறுபடி பிடித்தோம். இந்தத் தடவை தெயோதுல் குழாயைத் தரும் மனநிலையில் இல்லை, ஆளாளுக்குத் தோட்டத்துக் குழாயைக் கொண்டுவந்து ஒட்டினோம், ஒயினுக்குப் பதில் தண்ணீரில் குழந்தைகள் குடிக்கிற சிவப்பு மாதுளைச் சர்பத்தைக் கலந்தோம். பாலத்தின் நடுவில் உகேத் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "யார் வாயை வைக்கிறாங்கன்னு பார்க்கறேன்" என்றாள். மனிதர்கள் யாரும் வைக்கவில்லை. ஆனால் சர்பத் வாசனைக்கு இரண்டு மாவட்டத்துக் குளவிகளும் திரண்டுவிட்டன. ஏணி மேல் என்னை மூக்கில் ஒன்று, சொல்ல முடியாத இடத்தில் ஒன்று கொட்டின. கையை எடுக்கவில்லை மச்சான், குழாயைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. கடைசியில் தண்ணீர் நின்றது. சொலேன் குனிந்து பார்த்தாள். அப்புறம், "அப்பா, இங்க கோட்டுக்கு மேல என் இடுப்பு வரைக்கும் வருது" என்றாள்.

இடுப்பு வரைக்கும்! கண்ணளவு பொய் சொல்லவில்லை. அப்படியானால் கல் பொய் சொல்கிறது. பொறியாளர் அம்மாவுக்குச் சொன்னோம். அவள், "சரி, ஒத்துப்போகலை. ஆனா எது பொய், எது நிஜம்? காரணம் தெரியாம நான் தாழ்ந்ததை எடுக்க முடியாது சார். காரணம் தெரியறவரைக்கும் உயரமானதுதான் கணக்கு" என்று ஃபோனை வைத்துவிட்டாள். சொலேன் முகத்தில் ஈயாடவில்லை. லியோனில் அவளுடைய பழைய முதலாளி திரும்பக் கூப்பிடுகிறாராம். "பார்க்கலாம்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் 'பார்க்கலாம்' என்றால் போகப் போகிறாள் என்று அர்த்தம், அதில் உங்கள் தங்கையை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

அன்று மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து மூக்குக்கு வினிகர் வைத்துக்கொண்டிருந்தேன். உகேத் சாலட் இலைகளைப் பெரிய கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேச வாசலுக்குப் போய்விட்டாள். தொட்டியின் அடைப்பானைத் திறந்துதான் வைத்திருந்தாள், கொஞ்சமாக வழிகிற தண்ணீரெல்லாம் போய்க்கொண்டே இருக்கிறது. நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிண்ணத்தில் தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது. தொட்டியில் அடியோடு கிடக்கிறது. அதே குழாய். அதே தண்ணீர். அதே நேரம். ஆனால் இரண்டு உயரம்.

எனக்குப் பொறி தட்டியது. "உகேத்! உகேத்! நாம கிண்ணத்துக்குள்ள இருக்கோம்!" என்று கத்தினேன். அவள் ஓடி வந்து குளவி விஷம் தலைக்கேறிவிட்டது என்று முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விளக்கிச் சொன்னேன். எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் கரை இருக்கிறதல்லவா, நீளமாக, உயரமாக, மேலே சாலையோடு, எங்கள் தாத்தாக்கள் மண் சுமந்து போட்டது. அது ஊருக்குக் கீழே போய் வளைந்து குன்றோடு ஒட்டிக்கொள்கிறது. ஊர் ஒரு கிண்ணம், கரைதான் விளிம்பு. 1856இல் தண்ணீர் கரை மேல் ஏறி வரவில்லை. ஊருக்கு மேலே, ஆறு எப்போதும் உயரமாக இருக்கிற இடத்தில், கரை உடைந்திருக்கிறது. அங்கேயிருந்து கிண்ணத்துக்குள் கொட்டியிருக்கிறது. கீழே வெளியேற வழி இல்லை. ஆகவே உள்ளே ஏறிக்கொண்டே போயிருக்கிறது, வெளியே ஆறு அதன்பாட்டுக்கு உங்கள் கோயில் படியோடு நின்றிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உங்கள் தங்கை சொன்னதை அப்படியே தருகிறேன்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவை சாலட் கழுவியிருந்தா இது எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

அப்புறம் நான் உட்காரவில்லை. சொலேனை இழுத்துக்கொண்டு கரையோடு மேலே நடந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கெண்டை பிடிக்கிற உடைப்புக் குளத்துக்கு. சமதரையில் கரைக்கு அடியில் அவ்வளவு ஆழமாக, வட்டமாக ஒரு குளம் எப்படி வந்தது என்று என்றைக்காவது கேட்டோமா? மீன் கடிக்கிறதா என்றுதான் கேட்டோம். உடைத்துக்கொண்டு விழுந்த ஆறு தோண்டிய பள்ளம் அது. பெயரையே உடைப்புக் குளம் என்று வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஊரே தூண்டிலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறது. அங்கேயிருந்து திரும்பி ஊருக்குக் கீழே வந்தோம், கரை குன்றைத் தொடுகிற இடத்துக்கு. அங்கே கரையில் அகலமாக ஒரு வெட்டு, பெரிய கதவு வைத்தது, ஊர் இளசுகள் ஜோடி ஜோடியாக உட்காருமே அந்த இடம். எதற்கு அந்த வெட்டு? உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக! அந்த வெள்ளத்துக்குப் பிறகு யாரோ கணக்குத் தெரிந்தவர்கள் கிண்ணத்தின் விளிம்பை உடைத்து வைத்திருக்கிறார்கள். உகேத்தை நான் முதன்முதலில் முத்தமிட்டதே அந்தக் கதவின் மேல் சாய்ந்துதான், அப்போதும் அது எதற்கு என்று நான் கேட்கவில்லை, அப்போது கேட்கத் தோன்றாதது எனக்குப் புரிகிறது.

பொறியாளர் அம்மா நேற்று வந்தாள். கிண்ணத்தைத் தொட்டியில் வைத்தேன், குழாயைத் திறந்தேன், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் பார்த்தாள். இந்த முறை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். அப்புறம் நான் கிண்ணத்தின் ஓரத்தை லேசாகச் சாய்த்தேன், தண்ணீர் வழிந்து இறங்கியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பூட்ஸோடு குளத்துக்கு நடந்தாள், கதவுக்கு நடந்தாள், யார் யாருக்கோ ஃபோன் போட்டாள், எங்களைத் தெருவில் நிற்க வைத்து அதே கருவியை மறுபடி விரித்தாள். கடைசியில், "ரெண்டு கோடும் நிஜம் சார். ஆனா இப்ப வெட்டு இருக்கறதால உள்ள அவ்வளவு உயரம் நிக்காது. எதிர்க்கரை மட்டம்தான் இனி உங்களுக்கும். மின்சாரத்தையெல்லாம் மேல ஏத்துங்க, கீழ யாரும் படுக்கக் கூடாது. கடை போட்டுக்கலாம்" என்றாள். அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டேன். அரசாங்கத்தை நான் முத்தமிட்டது அதுதான் முதல் தடவை.

ஆக மச்சான், இத்தனைக்கும் சாரம் இது. உங்கள் முன்னோர்கள் வெள்ளத்தைக் குடிக்கவில்லை. எங்கள் முன்னோர்கள் புளுகவில்லை. ஆறு எங்களைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, எங்களை மூழ்கடித்தது எங்கள் கரையேதான், ஆற்றைத் தடுத்து நிற்கிறது என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டிருந்த அதே கரை. இதை வரும் கோடையில் பயணிகளிடம் சொல்லப் போகிறேன், இது பழைய வசனத்தைவிட நல்ல கதை என்று எனக்கே தோன்றுகிறது. ஆனாலும் உங்கள் கோடு தாழ்வு, எங்கள் கோடு உயரம், அதில் மாற்றமில்லை என்பதை மரியாதையுடன் நினைவூட்டுகிறேன். ஊர் என்றால் வெர்னுவாதான், பார்க்க வேண்டியதெல்லாம் இந்தக் கரையில்தான், அதனால்தான் என் மகள் இங்கே வந்து கடை போடுகிறாள், கோர்செலில் யாராவது போடுவார்களா? வரும் ஞாயிறு மத்தியானம் கீழ்த்தளத்தில் முதல் சாப்பாடு, தாங்கள் அவசியம் வர வேண்டும், பழசையெல்லாம் ஆற்றோடு விடுவோம்.

தங்கள் மனைவிக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். அந்த ஞானஸ்நானக் குழந்தையை வழியில் பார்த்தால் அதன் நெற்றியிலும் என் சார்பாக ஒரு முத்தம் வைக்கவும். ஆண்டவர் தங்கள் வீட்டைத் தண்ணீரிலிருந்தும் தங்கள் முழங்காலைக் குளிரிலிருந்தும் காப்பாராக.

என்றும் அன்புள்ள,
லெயோன்ஸ் பார்தியே,
தலைவர், பழைய வெர்னுவாவின் நண்பர்கள்.

பின்குறிப்பு, வெள்ளி காலை: இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது சொலேன் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, கோவப்படாம கேளு" என்றாள். படகுத்துறைக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடக்கிறதே அந்தப் பழைய விடுதி, அதை வாடகைக்கு எடுத்துவிட்டாளாம். கோர்செலில். உங்கள் ஊரில்! அனுமதி கிடைத்துவிட்டதே, மின்சாரத்தைக்கூட மேலே ஏற்றச் சொல்லிவிட்டேனே என்றேன். "நம்ம கீழ்த்தளத்துல உட்கார்ந்து ஜன்னல் வழியாப் பார்த்திருக்கியா? கரைச்சுவர்தான்பா தெரியுது. ஒரு சொட்டு ஆறு தெரியாது. அன்னிக்கு அந்தக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் அவ்வளவு நேரம் நிக்க வச்சியே, அப்பதான் நம்ம ஊரை முழுசாப் பார்த்தேன். சாப்பிட வர்றவங்க அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடட்டும். படுக்க இங்கதான் வருவேன், நடக்கற தூரம்தானே" என்றாள். என் மகளை நானே குழாயைக் கொடுத்து அங்கே அனுப்பியிருக்கிறேன் மச்சான்.

கத்தினேன். அப்புறம் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்த விடுதி ஜன்னலில் நின்றேன். உங்கள் ஊருக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், ஆனால் வந்தபோதெல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உங்களோடு சண்டை போட்டுத்தானே பழக்கம். கூரைகள், கோயில் கோபுரம், கரை மேல் மரங்கள், கீழே தண்ணீரில் அத்தனையும் இன்னொரு தடவை. எங்கள் மாடி ஜன்னலில் உகேத் துணி உதறிக்கொண்டிருந்தாள். நான் ஊருக்கெல்லாம் சுற்றிக் காட்டினேனே தவிரப் பார்த்ததில்லை. ஊர் ரொம்ப நல்லா இருக்கு மச்சான். மேலே கோர்செலைப் பற்றி எழுதினதில் எது எது வேண்டாமோ நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். சொலேன் கேட்டால் அப்பா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார் என்று சொல்லுங்கள், அந்த விடுதிக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சனிக்கிழமை காலையில் வந்துவிடுவார் என்றும் சொல்லுங்கள்.